நான் வயலின்காரன் என்பதற்கு ஒரு காகிதம்

வெளிநாட்டில் வயலின் வாசித்தும் கதை எழுதியும் பிழைக்கிற தொழிலில் வாசிப்பதும் எழுதுவதும் கால்வாசி வேலைதான். மீதி முக்கால்வாசி, ‘நான் வாசிக்கிறவன், எழுதுகிறவன்’ என்று அடுத்தவரை நம்பவைக்கிற வேலை. இதைப் படித்ததும் “ஆமாய்யா, ஆமாம்” என்று தலையாட்டுகிற சக பாவிகள் எங்கெங்கோ குளிரில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், தடையில்லை.

என் பெயர் அமல். சொந்த ஊர் திருச்சி, புத்தூர். ஒன்பது வருஷமாக ஜெர்மனியில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் பதினொரு பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். முதியோர் இல்லங்களிலும் சர்ச்சுகளிலும் வாசிக்கிறேன். மிச்ச நேரத்தில் தமிழில் கதை எழுதி, ஒரு சிநேகிதியோடு உட்கார்ந்து அதை ஜெர்மன் ஆக்கி, நாலு பேர் கூடுகிற இடத்தில் படிக்கிறேன். அரை வயிறு, முழுச் சந்தோஷம்.

ஒரே ஒரு காகிதம்

போன வருஷக் கடைசியில் விசா புதுப்பிக்கப் போனேன். என்னுடையது கலைஞர்களுக்கான விசா. ஆபீசர் அம்மா நல்ல மாதிரி. நான் கொண்டுபோன கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் ஜெர்மன்காரர்கள் கொடுத்தவை. “உங்கள் ஊர் இசையை இங்கே கொண்டுவருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஊரிலிருந்து ஒன்றுமே இல்லையே?” என்றார். எட்டு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் காகிதம் வராவிட்டால் விசா கிடையாது. விசா கிடையாது என்றால், பதினொரு பிள்ளைகளிடமும் சொல்லிக்கொண்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு, ஒன்பது வருஷத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. திருச்சிக்காரனிடம் சங்கீதத்துக்குச் சாட்சியா? ஸ்ரீரங்கத்தில் இறங்கினால் தடுக்கி விழுந்த இடமெல்லாம் ஒரு லெட்டர் கிடைக்காதா? ஆறு வாரத்துக்கு டிக்கெட் போட்டேன். ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது அந்த அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன்:

“உங்கள் சொந்த ஊரில் உங்களைக் கலைஞர் என்று யார் சொல்கிறார்கள்? ஒரே ஒரு காகிதம் போதும். தேதி, கையெழுத்து, முத்திரை, ‘இனியும் இவரை அழைப்போம்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான்.”

பெட்டிக்குள்ளே என்ன?

துபாய் வழியாகத் திருச்சியில் வந்து இறங்கினேன். முன்னும் பின்னும் வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள். டிவி பெட்டி, கம்பளி, பால்பவுடர் டின். நடுவில் நான் ஒரு வயலின் பெட்டியோடு. கஸ்டம்ஸ்காரருக்கு அது பிடிக்கவில்லை. திறக்கச் சொன்னார். வயலினை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே கடகடவென்று சத்தம். வில்லுக்குத் தேய்க்கிற குங்கிலியம் உடைந்து ஒரு துண்டு உள்ளே விழுந்து மாசக்கணக்காகிறது. அதை நான் விளக்க விளக்க அவர் முகம் கடினமாகிக்கொண்டே போனது. கடைசியில், “சரி, வாசிச்சுக் காட்டுங்க” என்றார்.

இருபது மணி நேரம் தூங்காத கையால் மோகனத்தை எடுத்து வாசித்தேன். பின்னால் நின்ற பாய், பாலக்கரைக்காரராம், குவைத்தில் பதினாறு வருஷம், “மாஷா அல்லாஹ்! தம்பி, நிறுத்தாதீங்க, வாசிங்க” என்று தள்ளுவண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்றுவிட்டார். வரிசையே நின்றுவிட்டது. அப்போதே அந்த அதிகாரியிடம் லெட்டர் கேட்டிருக்க வேண்டும். முத்திரையும் கைவசம் வைத்திருந்தார். புத்தி லேட்டாகத்தானே வருகிறது? பெட்டியை மூடிக் கொடுத்துக்கொண்டே அவர் கேட்டார்:

“நல்லாத்தான் வாசிக்கிறீங்க சார். அது இருக்கட்டும், வேலை என்ன பாக்குறீங்க?”

அப்பாவின் கம்பெனி

வீட்டு வாசலில் இறங்கியதுமே எதிர்வீட்டு டீச்சரம்மா, “என்ன அமல், கம்பெனியில லீவு குடுத்துட்டாங்களா?” என்றார். இஸ்திரிக்காரர், “கம்பெனி எப்படி சார் போகுது?” என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அடுப்படியில் ஆளுயரத்தில் ஒரு வாழைத்தார் சாத்தியிருந்தது. “இது யாரும்மா குடுத்தா?” என்றால், அம்மா அப்பாவைப் பார்க்கிறார். அப்பா பேப்பரைப் பார்க்கிறார்.

அப்பா ஒரு காலேஜில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். லெட்டர் டிராஃப்ட் பண்ணுவதில் புத்தூரிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. கமா தப்பாக இருந்தால் சாப்பாடு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒன்பது வருஷமாக ஊர் பூராவும், ‘பையன் ஜெர்மனியில் சாஃப்ட்வேர் கம்பெனி’ என்று சொல்லி வைத்திருக்கிறார்! தொட்டியத்தில் வாழை மண்டி வைத்திருக்கிற மாணிக்கம் என்பவர், அப்பா வேலையில் இருந்த காலேஜில் தன் மகனைச் சேர்த்தபோது பழக்கமாம். அவரிடமும், ‘பையன் கம்ப்யூட்டர் முடிக்கட்டும், எங்க அமலோட கம்பெனியில பாத்துக்கலாம்’ என்று ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சுக்கு நன்றியாகத்தான் பொங்கலுக்குப் பொங்கல் தார் வருகிறது. இல்லாத கம்பெனியின் பழத்தை என் அம்மா பஜ்ஜி போட்டு, பாயசம் வைத்து, அக்கம்பக்கம் கொடுத்தும் தீரவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “என்னப்பா இது? நான் என்ன திருடவா போனேன்?” என்று கத்திவிட்டேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“வெளிநாட்டுல பிடில் வாசிக்கிறான்னு சொன்னா, ‘ஏன், இங்க வாசிக்க விடலையா’ன்னு கேக்குறாங்கடா. கம்ப்யூட்டர்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்குறதில்ல.”

வெள்ளிவிழா மலர்

முதல் கதவு, நான் சின்ன வயதில் கொயரில் வாசித்த எங்கள் கோயில். வில் பிடிக்கத் தெரியாத வயதிலிருந்து பத்து வருஷம் ஞாயிறு தவறாமல் அங்கே வாசித்திருக்கிறேன். பங்குச்சாமியார் என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். விஷயத்தைக் கேட்டார். லெட்டர்பேடை எடுத்தார். பேனாவைத் திறந்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்தார்.

பங்கின் வெள்ளிவிழா மலர். வெளிநாட்டில் இருக்கும் பங்கு மக்கள் என்று ஒரு பட்டியல். அதில் வண்ணத்தில் என் போட்டோ. கீழே, ‘திரு. அமல், மென்பொருள் பொறியாளர், ஜெர்மனி’. விவரம் கொடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசையில், அப்பா மட்டும் தலைகாட்டாத பூசையில், என்னை வாசிக்கவைத்து, பீடத்துக்கு முன்னாலேயே ஒரு பொன்னாடை போர்த்தினார். லெட்டரை மட்டும் தரவில்லை.

“தம்பி, ஒண்ணு அந்த மலர் பொய்யாகணும், இல்ல இந்த லெட்டர் பொய்யாகணும். ரெண்டுலயும் என் கையெழுத்து இருக்குமே!”

ஸ்ரீரங்கத்து ஆசீர்வாதம்

அடுத்து எனக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுத்த மாமி. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வீடு. புத்தூரிலிருந்து ஒரு வேதக்காரப் பையன் பஸ் பிடித்து வந்து, சட்டைக்குள் சிலுவையோடு, பிள்ளையார் மேல் பாடிய பிள்ளாரி கீதத்தை வாசித்ததை ஒருநாளும் வித்தியாசமாகப் பார்க்காதவர். விஷயத்தைச் சொன்னதும், “இதுக்கென்னடா, பேஷா எழுதித் தரேன்” என்று உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்து நாலு பக்கத்தோடு வந்தார்.

என்ன கையெழுத்து, என்ன தமிழ்! முதல் பக்கம் முழுக்கப் பெரிய பெருமாளின் கல்யாண குணங்கள். இரண்டாம் பக்கம் தாயாரின் கடாட்சம். மூன்றாம் பக்கத்தில் காவிரி. நாலாம் பக்கத்தின் அடியில், ‘சிரஞ்சீவி அமல் சகல சௌபாக்கியங்களுடன் க்ஷேமமாக இருக்க அடியேன் பிரார்த்திக்கிறேன்’. வயலின் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. தேதி இல்லை, முத்திரை இல்லை, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சங்கும் சக்கரமும் வரைந்திருந்தார். “மாமி, தேதியாவது போடுங்களேன்” என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஏண்டா அசடே, ஆசீர்வாதத்துக்கு யாராவது தேதி போடுவாளா? நாளைக்கே தீர்ந்து போயிடுமா என்ன?”

ஒன்பது பொன்னாடை

மாமி சொல்லி, ஸ்ரீரங்கத்திலேயே ஒரு சின்ன சபாவில் காலை பத்து மணிக் கச்சேரி ஒன்று கிடைத்தது. கேட்க வந்தவர்கள் எட்டுப் பேர். அதில் ஒருவர் மைக்செட்காரர், ஒருவர் அடுத்த கச்சேரிப் பாடகியின் கணவர். போகட்டும், லெட்டர்தானே முக்கியம் என்று உயிரைக் கொடுத்து வாசித்தேன். முடிந்ததும் செக்ரட்டரி மேடையேறினார். என் பெயரைத் தப்பில்லாமல் சொன்னார். நெஞ்சு நிறைந்துபோனது. அடுத்த நிமிஷம் என் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். அவ்வளவுதான், இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

சக பாவிகளே, நம்ம ஊரின் இந்த வழக்கத்தைக் கவனியுங்கள். யாரும் எழுதித் தர மாட்டார்கள்; போர்த்தி விடுவார்கள். ஊருக்கு வந்த மூன்று வாரத்தில் பள்ளிக்கூட ஆண்டு விழா, வாசகர் வட்டம், பிறந்தநாள் என்று போன இடமெல்லாம் வாசித்து, ஒன்பது பொன்னாடை சேர்த்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது, நான் ஜவுளிக்கடை மாதிரி ஆட்டோவில் வந்து இறங்குகிறேன். சபா செக்ரட்டரி போர்த்தியதன் உள்மடிப்பில் வேறு யாரோ ஒரு புலவரின் பெயர் எழுதிய சீட்டு குத்தியிருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். மனுஷர் கொஞ்சமும் அசரவில்லை.

“லெட்டர்பேடு தீர்ந்து நாளாச்சு, பொன்னாடைதான் நிறைய இருக்கு. சீட்டைக் கிழிச்சுட்டு நீங்களும் யாருக்காவது போத்துங்கோ, அது போயிண்டே இருக்கும்.”

தெளிவாக விழுந்த வில்

லால்குடியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். வீட்டுக்காரர் காண்ட்ராக்டர், தொழில்முறை லெட்டர்பேடு வைத்திருப்பவர். லெட்டர் தருகிறேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். மேடைக்குப் பக்கத்தில், ஜெனரேட்டருக்கும் ஐஸ்கிரீம் ஸ்டாலுக்கும் நடுவில் எனக்கு நாற்காலி போட்டார்கள். கல்யாணி ஆலாபனையில் நான் கண்ணை மூடியிருந்தபோது, ஒரு அம்மா என் தோளைத் தட்டி, “தம்பி, பட்டர்ஸ்காட்ச் இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்றுதான் சொன்னேன். பொய் இல்லையே, பக்கத்தில்தானே இருந்தது.

மறுநாள் போன் பண்ணினால், வீட்டுக்காரர் என்னை மறக்கவில்லை; நான் வாசித்தேனா என்பதைத்தான் மறந்துவிட்டார். “கல்யாண அவசரத்துல எதையும் கவனிக்கலைங்க. ஆல்பம் வரட்டும், பாத்துட்டு எழுதறேன்” என்றார். ஆல்பம் வந்தது. ஆயிரத்துச் சொச்சம் படத்தில் ஒன்றே ஒன்றில் நான். அதிலும் மாப்பிள்ளையின் பெரியப்பா எனக்கு முன்னால் முழு உருவமாக நிற்கிறார். அவர் காதுக்குப் பின்னாலிருந்து குச்சி மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. போட்டோகிராபர் என்னைத் தேற்றினார்:

“மூஞ்சி விழலைன்னா என்ன சார், வில்லு நல்லாத் தெளிவா விழுந்திருக்கு பாருங்க!”

எடிட்டர் இப்போது ஜெராக்ஸ் போடுகிறார்

வயலின் கைகொடுக்கவில்லை, எழுத்தாவது காப்பாற்றாதா என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். என் முதல் ஆறு கதைகளைப் போட்ட சிறுபத்திரிகையின் எடிட்டர் அங்கேதான் இருந்தார். இப்போதும் இருக்கிறார், ஜெராக்ஸ் கடை வைத்து. பத்திரிகை நின்று இரண்டு வருஷமாகிறது. ஆதார் அட்டை நகல் எடுக்க நின்ற கூட்டத்துக்கு நடுவில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “உன் மூணாவது கதையில அந்த லெவல் கிராஸிங் வருமே, அடடா!” என்றார். ஆறு வாரத்தில் என் கதையை ஞாபகம் வைத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்?

லெட்டர் கேட்டேன். பரணிலிருந்து என் கதை வந்த பழைய இதழ்களில் மிஞ்சிய நாற்பது பிரதியை இறக்கி, கயிறு போட்டுக் கட்டி, “அப்படியே ஜெர்மனிக்குக் கொண்டு போ” என்று கையில் கொடுத்தார். “லெட்டர் சார்?” என்றேன். மெஷின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னார்:

“நீ எழுத்தாளன்னு நான் தாராளமா லெட்டர் தருவேன். நான் எடிட்டர்னு எனக்கு யாரு தருவா, சொல்லு?”

மாணிக்கம் வந்தார்

ஐந்தாவது வாரம். பொன்னாடை ஒன்பது, ஆசீர்வாதம் நாலு பக்கம், பழைய பத்திரிகை நாற்பது, லெட்டர் பூஜ்யம். ராத்திரி படுத்தால் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளின் முகம்தான். அப்பாவிடம் பேச்சை நிறுத்தி மூன்று வாரமாகிவிட்டது. அவரும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா வாழைப்பழத்தை உரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஒருநாள் காலையில் தொட்டியம் மாணிக்கம் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் வாழைக்கறை, முகம் பூராவும் சிரிப்பு. தோளில் இன்னொரு தார், பூவன். அப்பா எழுந்து நின்றார். மாணிக்கம் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “தம்பி, உங்களை நம்பித்தான் இருக்கோம். பிரபுவுக்குச் சென்னையில ஒரு கம்பெனியில வேலை வந்துச்சு. வர்ற திங்கக்கிழமை சேரணும்னாங்க. ‘வேண்டாம்டா, அமல் அண்ணன் ஊருக்கு வந்திருக்காரு, ஜெர்மனி கம்பெனியே இருக்கையில இது எதுக்கு’ன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்” என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா எதையாவது சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் அம்மாவைக் கூப்பிட்டு, காபி கொண்டுவரச் சொன்னார். காபி குடித்துவிட்டு மாணிக்கம் போய்விட்டார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து தாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் கழித்து எழுந்து சட்டையை மாட்டினார். மூன்று வாரத்துக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் பேச்சு:

“கிளம்புடா, தொட்டியம் போகணும். அந்தப் பிடிலையும் எடுத்துக்க.”

வாழை மண்டியில் ஒரு கச்சேரி

முசிறி வழியாக பஸ்ஸில் போனோம். ஜன்னல் பக்கம் பூராவும் காவிரியும் வாழையும். அப்பா வழி பூராவும் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். டிராஃப்ட் பண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும். மண்டியில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. தார் தாராக அடுக்கி, ஒருத்தர் விலை கூவ, நாலு பேர் கத்த, சுமை தூக்குகிறவர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓட, கூச்சலென்றால் கூச்சல். மாணிக்கம் எங்களைப் பார்த்து, “அட, வாங்க வாங்க!” என்று ஓடி வந்தார். அவர் பின்னால் பிரபுவும் வந்து நின்றான்.

அப்பா நின்றபடியே சொன்னார். டிராஃப்ட் பண்ணியது எல்லாம் எங்கே போயிற்றோ! “மாணிக்கம், என் பையன் கம்ப்யூட்டர்ல இல்ல. கம்பெனியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அவன் பிடில் வாசிக்கிறான், கதை எழுதறான். எனக்குத்தான் வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஒன்பது வருஷமா பொய் சொல்லிட்டேன். பிரபுவை இன்னிக்கே சென்னைக்குப் போன் பண்ணச் சொல்லு. என்னால ஒரு பிள்ளை கெடக்கூடாது.” எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது, கோபத்தில் இல்லை, அவர் படுகிற பாட்டைப் பார்த்து.

மாணிக்கம் கையிலிருந்த வாழைக்கறையைத் துண்டில் துடைத்தார். அப்புறம், “குடுத்த தாரையெல்லாம் என்ன சார் பண்ணீங்க?” என்றார். “சாப்பிட்டோம்” என்றார் அப்பா. “நல்லா இருந்துச்சா?” “ரொம்ப நல்லா இருந்துச்சு.” “அப்ப விடுங்க” என்றார் மாணிக்கம். பிரபு நைசாகப் பக்கத்தில் வந்து, “மன்னிச்சிடுங்க அண்ணே, நான் அப்பாவுக்குத் தெரியாம அந்தக் கம்பெனிக்குச் சரின்னு போன வாரமே மெயில் போட்டுட்டேன்” என்றான். எல்லாருக்கும் மூச்சு வந்தது. அதற்கப்புறம்தான் அப்பா விசாக் கதையைச் சொன்னார். சொல்லி, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். ‘வயலின் கலைஞரும் எழுத்தாளருமான திரு. அமல்’ என்று தொடங்கும் கடிதம், அவர் கையெழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல். எப்போது எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“எழுத வேண்டியது இதுதான். உங்க வாழை வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர் நீங்கதானே, உங்க கையெழுத்தும் முத்திரையும் வேணும்” என்றார் அப்பா. மாணிக்கம் காகிதத்தைத் தொடவில்லை. “சார், காயைப் பாக்காம விலை சொல்ற ஆளு நான் இல்ல. தம்பி வாசிக்கட்டும்” என்றார்.

ஒரு காலித் தள்ளுவண்டியில் உட்கார்ந்து வாசித்தேன். காம்போதி. முதலில் யாரும் திரும்பவில்லை. கூவுகிறவர் கூவினார், கத்துகிறவர் கத்தினார். கொஞ்சம் கொஞ்சமாக அது அடங்கியது. தாரைத் தோளில் வைத்திருந்த ஒருவர் இறக்கவும் இல்லை, நகரவும் இல்லை. அப்பா இலைக்கட்டு மேலே உட்கார்ந்திருந்தார். கொயரில் வாசித்த காலத்துக்கு அப்புறம் நான் வாசித்து அவர் கேட்டது அன்றைக்குத்தான். நான் முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். மாணிக்கம் ஆபீஸ் அறைக்குள் போய், பச்சை மையில் வாழைத்தார் படம் போட்ட லெட்டர்பேடை எடுத்து வந்தார். அப்பா எழுதியதை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரையை ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

“ஏலம் நின்னா எனக்குத்தான் நஷ்டம், நானா நிறுத்த மாட்டேன். அவங்களா நின்னுட்டாங்க. அதனால லெட்டர் தரலாம்.”

முத்திரையில் ஒரு தார்

ஜெர்மனியில் ஆபீசர் அம்மா அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். மொழிபெயர்ப்பையும் படித்தார். ‘ஆண்டுதோறும் எங்கள் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வாசிக்க இவரை அழைப்போம்’ என்ற வரியின் கீழே விரல் வைத்தார். முத்திரையில் இருந்த தாரை உற்றுப் பார்த்து, “இது இசைச் சங்கமா?” என்றார். “இல்லை அம்மா, வாழை வியாபாரிகள்” என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். போயிற்று, எல்லாம் போயிற்று. அவர் என் ஃபைலில் முத்திரை குத்திவிட்டு நிமிர்ந்தார்:

“இசைச் சங்கங்கள் இசைக்கலைஞர்களை அழைப்பது பெரிய விஷயமில்லை. வாழை வியாபாரிகள் அழைத்தால் நிச்சயம் நன்றாகத்தான் வாசிக்க வேண்டும்.”

இப்போது புத்தூரில்

விசா வந்த சேதி கேட்டதும் அப்பா மறுபடி ஒரு சுற்றுக் கிளம்பிவிட்டார். எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம், இஸ்திரிக்காரரிடம், பங்குச்சாமியாரிடம் என்று வீடு வீடாகப் போய், “என் பையன் சாஃப்ட்வேர் இல்லீங்க, வயலின் கலைஞர், எழுத்தாளர்” என்று சொல்லிவருகிறார். வெள்ளிவிழா மலருக்குத் திருத்தச் சீட்டு அச்சடிக்கச் சொல்லி, அதற்கும் டிராஃப்ட் அவரே கொடுத்திருக்கிறார். ஒன்பது பொன்னாடையில் ஒன்றை மாணிக்கத்துக்குப் போர்த்திவிட்டு வந்தார். சீட்டைக் கிழித்துவிட்டுத்தான்.

ஆனால் ஊரை நம்பவைப்பது லேசா? அம்மா நேற்று போனில் சொன்னார். அப்பா தலை மறைந்ததும் டீச்சரம்மா ரகசியமாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாராம்:

“பாவம், அமலுக்குக் கம்பெனியில வேலை போயிடுச்சா? சார் ஏதோ பிடில் கிடில்னு சொல்லிச் சமாளிக்கிறாரே!”

ஆக, சக பாவிகளே, நான் கலைஞன் என்பதை ஜெர்மனி நம்பிவிட்டது, தொட்டியம் நம்பிவிட்டது, புத்தூர் மட்டும்தான் பாக்கி, அதற்கு அப்பா தினமும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.